தர்மபுரத்துக் குறிஞ்சாக் கஞ்சி

தர்மபுரத்து ஒழுங்கைகளில் பத்மாசனியின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால், காலையில் ஒன்றும் வாயில் வைக்காமல் காத்திருக்கிறவர்கள் விரலைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவையும் கொலஸ்ரோலையும் ஒன்றாகக் குறைக்கக்கூடும் என்று ஒரு புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். இந்த ஊரில் சம்மதித்தவர்கள் இருபத்தாறு பேர். கிளினிக்கில் தரும் குளிசை மாத்திரைகளோடு இதையும் போட வேண்டும். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்பது பத்மாசனிக்கும் தெரியாது. இரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, மத்தியானத்துக்குள் கிளிநொச்சியில் ஒப்படைப்பது அவள் வேலை.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. முன்னர் பதினொரு வருடம் மருந்துக் கடையில் நின்றவள். அங்கே டொக்டர் எழுதின துண்டை நீட்டுவார்கள், வாங்குவார்கள், போவார்கள். இங்கே உட்காரச் சொல்லிக் கதைத்தார்கள்.

மூன்றாம் மாத முடிவு வந்தபோது இருபத்தாறு பேருக்கும் சீனி இறங்கியிருந்தது. மகிழ்ந்துபோனாள். கையிலிருந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்த மகிழ்ச்சி கலங்கிவிட்டது. வெறும் குளிசை போட்டவர்களுக்கும் எப்படி இறங்கும்?

இரத்தம் எடுக்கும் நாளல்லாத ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் போனாள். சம்மதித்தவர்களில் ஒருத்தியான மீனம்மாவின் முற்றத்தில் ஒரு பெரிய பானையில் பச்சையாக ஏதோ கொதித்தது. மலையகத்திலிருந்து வந்து இங்கே கச்சான் கடலை பயிரிடும் குடும்பம் மீனம்மாவுடையது. சுற்றிலும் ஆய்வில் சேர்ந்த அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் கோப்பையோடு நின்றார்கள்.

"இதென்னக்கா?"

"குறிஞ்சா இலைக் கஞ்சி. சீனி வருத்தத்துக்கு நல்லது. ஒரு கிளாஸ் குடிங்க மிஸ்ஸி."

"எப்ப இருந்து குடிக்கிறியள்?"

"நீங்க குளிசை குடுத்த மறுவாரத்துல இருந்து. வெயில்ல அலைஞ்சு கொண்டாறீங்க. எங்க ஊர்ல உங்க மருந்து தோத்துப்போச்சுன்னா உங்க பேரு என்னாகிறது?"

பக்கத்து வீட்டுச் சுதாகரன் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "கசக்குது எண்டு நான் சொன்னனான் மிஸ்ஸி. அவா விட்டாத்தானே. கேற்றடியில வந்து நிண்டு பருக்கிறா."

"நீ மட்டும் ரெண்டு கோப்பை குடிக்கிற," என்றாள் மீனம்மா.

பத்மாசனி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அக்கா, எல்லாருக்கும் ஒரேமாதிரி இறங்கினா, உண்மையான மருந்தும் வெறும் குளிசையும் ஒண்டுதான் எண்டு முடிவெடுத்து அந்த மருந்தையே தூக்கி எறிஞ்சிடுவினம். உங்கட கஞ்சியாலதான் மருந்து தோக்கப்போகுது."

 மீனம்மா பானைக்குக் கீழிருந்த விறகை வெளியே இழுத்தாள்.

மேலிடத்துக்குச் சொன்னால் தர்மபுரத்தையே ஆய்விலிருந்து நீக்கக்கூடும். இந்த வேலையும் இந்த வாசல்களும் அதோடு போய்விடும். வேலியோரமாக நின்று, ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் கதிர்காமநாதனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எத்தினை பேர் குடிச்சவை?"

"எல்லாரும், சேர்."

"எல்லாருமோ?" என்று டொக்டர் திரும்பக் கேட்டார். "மற்ற ஊர்களில குளிசையையே ஒழுங்காப் போடுறாங்களில்லை. இருங்கோ, கேட்டுச் சொல்லுறன்."

பதில் வரப் பத்து நாட்கள் எடுத்தன. அந்தப் பத்து நாளும் அவள் கடைப்பக்கம் போனால், பழைய மருந்துக் கடையைத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். பதினோராம் நாள் டொக்டர் சொன்னார்: கஞ்சியை நிறுத்தி ஒரு மாதம் விட வேண்டும், பிறகு முதலிலிருந்து தொடங்கலாம். ஊரை நீக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மீனம்மாவின் விரலில் குத்தி, சீனி பார்க்கும் கருவியில் வைத்தாள்.

"ஏறிருச்சா?"

"ஏறியிருக்கு. நூற்றி அறுபத்தி ரெண்டு."

"எழுதிக்குங்க," என்றாள் மீனம்மா, ஏதோ கொடுத்துவிட்டவள் போல.

பத்மாசனி நிம்மதியாக எழுதினாள். படிவத்தில் புதிதாகச் சேர்த்திருந்த அடுத்த கேள்வி: மூலிகை ஏதேனும்?

மீனம்மா யோசித்தாள். "பாவக்கா கறி கணக்கா மிஸ்ஸி?"

"எத்தினை நாள்?"

"நேத்து மட்டும். சுதாகரன் பொண்டாட்டி குடுத்தனுப்பிச்சு. ரெண்டு கரண்டி. இல்ல, மூணுன்னே போட்டுக்குங்க."

பத்மாசனி மூன்று என்று எழுதிக்கொண்டாள்.