துங்கபத்திரைப் பாலத்தில் அக்கா

எங்கள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஹைதராபாத்துக்கு, லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்த காலத்தில் துங்கபத்திரை ஓர் எல்லை. அந்தக் கரை மெட்ராஸ் மாகாணம், இந்தக் கரை நிஜாம் ராஜ்யம். ஆற்றைத் தாண்டியதும் சுங்கக்காரர்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து வேட்டிகளை உதறிப் பார்ப்பார்களாம். பிறகு இரண்டு கரையும் ஒரே மாநிலமாயின. அக்காவைக் கர்நூலில் கட்டிக்கொடுத்தபோது அது வெறும் பாலம்தான். பஸ் அதன்மேல் ஏறினால், ஊர் வந்துவிட்டதென்று காலால் செருப்பைத் துழாவுவோம். மாநிலம் மறுபடி இரண்டானபோது ஒரு பலகை நட்டார்கள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொரோனா வந்தபோது பாலத்தின் எங்கள் பக்க முனையில் இரும்புத் தடுப்புகள் வந்தன.

அத்தான் இறந்தபின் அக்கா தனியாக இருந்தாள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். அவள் போய்வந்த ஆஸ்பத்திரியைக் கொரோனா நோயாளிகளுக்கென்று மாற்றிவிட்டார்கள். ஹைதராபாத்தில் ஓர் இடத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் எல்லையைத் தாண்ட பாஸ் வேண்டும். விண்ணப்பித்தோம், வரவில்லை. அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நானும் வீட்டுக்காரரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அவளை ஆட்டோ பிடித்துப் பாலத்தின் கர்நூல் பக்க முனைக்கு வரச் சொன்னோம்.

தடுப்பருகே ஒரு கான்ஸ்டபிள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தூங்கி எத்தனை நாளோ. பாஸ் இல்லாமல் எந்த வண்டியையும் விட முடியாது என்றார். நான் அழுதேன், கும்பிட்டேன். அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு தெலுங்கில், "வண்டிதான் வரக்கூடாதும்மா. நடந்து வர்றவங்கள நான் பாக்கல" என்றார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் நடக்க ஆரம்பித்தாள். நான் எதிரே ஓடினேன். அவளுடைய பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தன. பாலத்தின் நடுவே வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு மேல என்னால ஆவாதுடி."

"இன்னும் கொஞ்சந்தான் அக்கா. எழுந்திரு."

"நக்கோ, வேணாம். நீ வீட்டுக்குப் போ."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கான்ஸ்டபிளும் என் வீட்டுக்காரரும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் அவளை உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அக்கா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தடுப்பைத் தாண்டி அவளைக் காரில் ஏற்றியதும், கான்ஸ்டபிள் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். நன்றி சொன்னேன். சீக்கிரம் போகச் சொல்லிக் கையசைத்தார்.

அக்கா பிழைத்தாள். எங்களோடு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தாள். தடுப்புகளை எடுத்தபின், "உன் வீட்டை ஒருதரம் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

"கைக்கு, எதுக்குடி? அந்தப் பாலத்த இனிமே நான் தாண்ட மாட்டேன். நீயே போயிக் காலி பண்ணிடு."

நானே போனேன். பாத்திரங்களை மூட்டை கட்டினேன். கட்டிலையும் பீரோவையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டுச் சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்தேன். திரும்பும்போது பஸ் ஆற்றைத் தாண்டியதுகூட எனக்குத் தெரியாது. அவ்வளவு அசதி. தூங்கிவிட்டிருந்தேன்.