டோக்கன் எந்தப் பக்கம்?

இரும்பு ஆணியில் பித்தளை டோக்கன் விழும் சத்தத்தை நான் முதலில் கேட்டது எட்டு வயதில். அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு தங்கவயலில் நந்திதுர்க் தங்கச் சுரங்க வாசலில் நிற்பேன். ஷிப்டு மாறும் நேரத்தில் ஆட்கள் வரிசையாக வந்து தங்கள் டோக்கனை மாட்டுவார்கள். கிணிங், கிணிங், கிணிங். தகரக் கூரையில் மழை தொடங்கும்போது முதல் பத்துத் துளிகள் அப்படித்தான் விழும்.

அறுபத்தாறு வயதில் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்பேன் என்று தெரியாமல்தான் சினிமா வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயர். முந்தின ஷாட்டில் எது எங்கே இருந்தது என்பதை, மற்ற எல்லாரும் மறந்த பிறகும் மறக்காமல் இருக்க வேண்டும். ஞாபக சக்திக்கு மாத்திரை சாப்பிடும் வயதில் இப்படி ஒரு வேலையில் மாட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் சொந்தம்.

ஒற்றுப்பிழை

பி.ஏ. தமிழ் படித்துவிட்டு முப்பத்தொரு ஆண்டுகள் பெங்களூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்குத் திரும்புவேன். எத்தனையோ பேருடைய புத்தகங்கள் என் கை பட்டு வெளியே போயின. ஒன்றிலும் என் பெயர் இல்லை. பிழை திருத்துபவரின் பெயரை யார் போடுவார்கள்? ஓய்வு பெற்ற பிறகு மதிய வேளைகளில் அதை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் நிவேதா வந்தாள். வயது இருபத்தேழு, பெங்களூருப் பெண். அவள் தாத்தா இங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நண்பர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு தங்கவயலைப் பற்றித் தானே ஒரு படம் எடுக்கப் போவதாகவும், உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்றும் சொன்னாள். எனக்குப் பிழை பார்ப்பதைத் தவிர ஒன்றும் தெரியாதே என்றேன். அவள் சிரிக்கவில்லை. “ஆன்ட்டி, படத்துல வர்ற ஒற்றுப்பிழைக்குப் பேருதான் கன்டினியூட்டி. நீங்க சேந்துடுங்க. கடைசியில டைட்டில்ல உங்க பேரு வரும்” என்றாள்.

பதினேழு இட்லி

முதல் நாள், கதாநாயகன் வேலைக்குக் கிளம்பும் முன் இட்லி சாப்பிடும் காட்சி. நடித்தவன் பெங்களூரு நாடகக்காரன், பெயர் வருண். ஒவ்வொரு டேக்கிலும் தட்டில் மூன்று இட்லி இருக்க வேண்டும், இரண்டாவது இட்லியின் வலது ஓரம் மட்டும் பிய்ந்திருக்க வேண்டும், சட்னி விளிம்பைத் தொடக் கூடாது. நான் பேப்பரில் இட்லி வரைந்து குறித்துக்கொண்டேன். ஒன்பதாவது டேக்கில், “தம்பி, இடது ஓரத்தைப் பிய்ச்சிட்டீங்க” என்றேன். பதினேழாவது இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “ஆன்ட்டி, இந்த ஆளு சுரங்கத்துக்குள்ள இறங்கவே மாட்டான். கீழ இறக்குற கூண்டு தாங்காது.”

ஆபீஸர் வீட்டு அம்மா

கதாநாயகியாக நடித்த சௌமியாவுக்கு வீட்டில் கன்னடம்; தமிழை ஆசிரியர் வைத்துப் படித்து வந்திருந்தாள். சுரங்க ஆபீஸ் வாசலுக்கு ஓடிவந்து, “என்ன ஆயிற்று?” என்று கேட்க வேண்டும். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. பிழை திருத்துபவளாக நான் அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் கூட்டத்தில் நிற்க வந்திருந்த உள்ளூர்ப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

அவர்களில் மூத்தவர் பிலோமினா அக்கா. எழுபத்து நான்கு வயது, நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருப்பவர். நேராக நடுவில் வந்து சௌமியாவின் தோளில் கை வைத்தார். “இன்னா ஆச்சின்னு கேளும்மா. நீ இப்பிடிக் கேட்டின்னா, ஆபீஸர் வூட்டம்மா வந்துட்டாங்கன்னு எல்லாம் எய்ந்து நின்னுடுவாங்க.”

தானாக நகரும் டோக்கன்

அடுத்த காட்சிதான் என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது. பூதிகோட்டை சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அதற்குள் சுரங்க ஆபீஸை அப்படியே செட்டாகப் போட்டிருந்தார்கள். சுவரில் இரண்டு பலகைகள். கீழே இறங்குகிறவர் தன் எண் பொறித்த டோக்கனை இடப்பக்கப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார். ஏறி வந்ததும் அதை எடுத்து வலப்பக்கம் மாட்டுவார். ஷிப்டு முடிந்தபின் இடப்பக்கம் ஒரு டோக்கன் மீந்திருந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

கதைப்படி கதாநாயகனின் டோக்கன் இடப்பக்கம் தனியாகத் தொங்கும். அதன் முன்னால் அவன் மனைவியாக சௌமியா நின்று அழ வேண்டும். வெள்ளிக்கிழமை காலை இரண்டு ஷாட் எடுத்துவிட்டு டீக்குப் போனோம். திரும்பி வந்து மூன்றாவது ஷாட் எடுத்த பிறகுதான் பார்த்தேன், டோக்கன் வலப்பக்கம் இருந்தது. எடுத்தது வீண். மறுபடி இடப்பக்கம் மாட்டினேன். மத்தியானம் சாப்பிட்டு வந்தால் மறுபடியும் வலப்பக்கம். மாலை டீக்குப் பிறகும் அதே கதை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு ரிசப்ஷன். நான்கு மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். நிவேதா என்னைத் தனியாக அழைத்து, “ஆன்ட்டி, இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் போட வேண்டி வரும். ப்ளீஸ், புரிஞ்சுக்குங்க” என்றாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏணி மேல் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லைட்மேன் எனக்கு ஆறுதல் சொன்னார். “வுடுங்க ஆன்ட்டி. கீழ இருக்கிறவன் தானே ஏறி வந்து மாட்டிக்கினு போறான் போல.”

சோற்று நேரம்

சனிக்கிழமை மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. தூண் மறைவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் பின்கட்டில் பந்தியில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிலோமினா அக்கா வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். டோக்கனை எடுத்து வலப்பக்கம் மாட்டிவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். “அக்கா, இன்னா பண்றீங்க?” என்று கேட்டேன்.

அவர் பதறவில்லை. ராக் பர்ஸ்டில் பாறை வெடித்து விழுந்தபோது அவர் கணவர் கீழே இருந்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் டோக்கன் கதையை நான் கேட்டதில்லை. “மூணு நாளு அந்தப் பக்கமே தொங்கிச்சி. வாசல்ல நின்னு பாத்துனே இருந்தேன். ஒருத்தனும் கைய நீட்டி இந்தப் பக்கம் மாட்டல. நீங்க காமிராவ நிறுத்திட்டு சோறு துன்னப் போறீங்க. அது வரிக்கும் அவன் கீழயே கெடப்பானா?”

முப்பத்தொரு ஆண்டுகளில் நான் பிழை என்று கண்டதை வட்டம் போடாமல் விட்டதில்லை. அன்று என் பேனா மூடியே இருந்தது.

அதற்குள் நிவேதா வந்துவிட்டாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நான்தான் மாட்டினேன். ஞாபக மறதி” என்றேன். வேலை போய்விட்டது, டைட்டிலில் பெயரும் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிலோமினா அக்கா என் கையைத் தட்டிவிட்டார். “இவ இன்னாத்துக்குப் பொய் சொல்றா? நான்தாம்மா மாத்தனேன். நேத்தும் நான்தான். நீ நிறுத்தும்போதெல்லாம் மாத்துவேன்.”

ஒரே டேக்

நிவேதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சௌமியா அழும் அந்தக் காட்சி ஏழெட்டு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். மணி மூன்று. “அக்கா, காமிரா ஓடும்போது இதையே செய்வீங்களா?” என்று கேட்டாள். பிலோமினா அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். “அழச் சொல்லக் கூடாது” என்றார்.

சௌமியாவை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி நடந்து வந்தாள், கை துடைத்தாள், டோக்கனை எடுத்தாள், வலப்பக்கம் மாட்டினாள். சௌமியா அழவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் பதிவு செய்த பெண் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். கிணிங். ஒன்றே ஒன்று. மழை வரவில்லை, அந்த ஒரு துளியோடு நின்றுவிட்டது. நான் என் தாளில் எழுதினேன்: டோக்கன், வலப்பக்கம், சரி.

வெளியே ரிசப்ஷன்காரர்கள் பூ வண்டியோடு காத்திருந்தார்கள். பிலோமினா அக்கா அவர்களைத் தாண்டிப் போகும்போது என்னிடம் சொன்னார். “கல்யாண வூட்ட இன்னாத்துக்கு நிக்க வெக்கிறீங்க? அவன்தான் ஏறி வந்துட்டானே.”

டைட்டில்

படத்தின் பெயர்ப்பட்டியலை நிவேதா எனக்கே அனுப்பிப் பிழை பார்க்கச் சொன்னாள். பதினொரு பிழைகளைத் திருத்தினேன். அதே மண்டபத்தில் ஊராருக்குப் படம் போட்டார்கள். கடைசியில் என் பெயர் வந்தது, ‘கன்டினியூட்டி: சாந்தக்குமாரி’ என்று. சாந்தகுமாரிக்கு நடுவில் ஏது க்? பன்னிரண்டாவது பிழை, என் பெயரிலேயே. பட்டியலைத் திருத்திக்கொண்டே அந்த வரிக்கு வந்தபோது என் கண்ணாடி ஈரமாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆனாலும் சொல்கிறேன், ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் அந்தப் பெயருக்குக் கை தட்டினார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பிலோமினா அக்காவிடம் பிழையைச் சொல்லி முணுமுணுத்தேன். “ஒரு எழுத்து ஜாஸ்திதானே குடுத்திருக்காங்க? கொறைக்கலியே, வுடு.”

பிலோமினா அக்கா இப்போது நிவேதாவின் இரண்டாவது படத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார். அதில் அவருக்கு நான்கு வரி வசனம் உண்டு, அவர் ஒவ்வொரு டேக்கிலும் அதை மாற்றிச் சொல்வதால் எனக்கும் வேலை உண்டு.