கடைசி வரிசையைப் படம்பிடித்தவர்

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் கல்யாணங்களையும் செத்தவீடுகளையும் இருபது வருடங்களாக வீடியோ எடுத்த குணம் அண்ணை செவ்வாய்க்கிழமை காலமானார். மாரடைப்பு. நான் கடையில் அரிசி மூடை இறக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி போனில் சொன்னார். மூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபில் என் பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் ஜப்பானியரின் கடைகள். அங்கே ஒருநாள் குணம் அண்ணை ஒரு டிவிடி வாங்கினார். ஜப்பானியப் பாடகி ஒருவர் பெரிய விளையாட்டரங்கில் நடத்திய இசை நிகழ்ச்சி. என் கடைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார்.

"ஒரு சொல்லாவது விளங்குதோ அண்ணை?"

"பாட்டை விடுங்கோ முதலாளி, கமராவைப் பாருங்கோ."

மேடையில் பாடகி கடுகளவு. கமரா அவரை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனது. வேலை உடுப்போடு வந்திருந்த ஒரு பெண், கூடவே உதட்டை அசைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"பாட்டு எப்பிடியெண்டு இந்த மனிசியின்ர முகம் சொல்லுதெல்லோ? நாங்கள் மேடையை மட்டும் எடுத்துப்போட்டுக் காசு வாங்கிறம்."

அன்றிலிருந்து அவர் எடுத்த படங்களில் மாப்பிள்ளை பொம்பிளையைவிடச் சனத்தின் முகங்களே அதிகம். அவரைத் திட்டாதவர்கள் இல்லை. நானும் திட்டினேன்.

கடைப் பங்கு பிரித்த சண்டையில் என் தம்பி ரவியோடு ஒன்பது வருடம் பேச்சில்லை. என் மகளின் கல்யாணத்துக்கு அவனை அழைக்கவுமில்லை. ஆனாலும் வந்து, மண்டபக் கதவடியில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். நான் காணவில்லை, குணம் அண்ணையின் கமரா கண்டிருந்தது.

"அந்தத் துண்டை வெட்டுங்கோ" என்றேன்.

"ஏலாது முதலாளி. வேணுமெண்டால் காசை வெட்டுங்கோ."

உண்மையைச் சொன்னால், காசை வெட்டினேன்.

பிறகு ஒரு ஞாயிறு தனியே இருந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். கெட்டிமேளம் கேட்கிறது. கதவடியில் ரவி, கைநிறைய அறுகரிசி. மணவறைவரை எட்டாது என்று தெரிந்தும், நின்ற இடத்திலிருந்தே என் பிள்ளைக்குத் தூவுகிறான். அன்றே அவனுக்குப் போன் எடுத்தேன்.

வெட்டிய காசைக் கொண்டுபோனபோது குணம் அண்ணை வாங்கவில்லை. "அண்ணனும் தம்பியுமா வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ, கணக்குச் சரி" என்று சிரித்தார்.

வாறம் என்றோம். கடை, வேலை என்று போகவேயில்லை. இப்போது இருவரும் சேர்ந்து போகிறோம், அவருடைய பெட்டியைத் தூக்க.

போய்வாருங்கள் அண்ணை. உங்கள் இறுதிக்கிரியையை எடுக்க பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு கமராக்காரரைப் பிடித்திருக்கிறோம். அவர் கேட்ட கூலிக்கு நான் பேரம் பேசவில்லை. எனக்கும் ரவிக்கும் பாதி பாதி. பெட்டியடியில் பத்து நிமிடம், மற்ற நேரமெல்லாம் வந்திருக்கும் சனம் என்று பேசி முடித்திருக்கிறோம்.