பீடிக்கு ஒரு கரண்டி தவிடு

ஆவடியிலிருந்து தினமும் என்னோடு மின்சார ரயிலில் வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழியும் தலை, சட்டைப் பையில் பீடிக்கட்டு. ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர். கோதுமை மாவைச் சலிக்காமல் தவிட்டோடு சாப்பிட்டால் நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சப்பாத்தி தொண்டையில் இறங்கவில்லையாம். அதனால் வீட்டில் மாவைச் சலித்து, தவிட்டை மட்டும் டப்பாவில் கொண்டுவருவார். ஒரு கரண்டி வாயில் கொட்டித் தண்ணீர் குடிப்பார். உடனே ரயில்பெட்டி வாசலில் போய் நின்று பீடி பற்றவைப்பார். அம்பத்தூர் தாண்டியதும் இன்னொரு கரண்டி, இன்னொரு பீடி. பார்க்கப் பார்க்க எனக்கு எரியும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னங்க இது, பீடிக்கு ஒரு கரண்டியா?"

"பின்னே? பீடி கெடுக்கறத தவுடு சரிபண்ணிடும் நைனா."

"பீடியை விட்டுட்டா இவ்வளவு தவிடு எதுக்குங்க?"

அவர் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "நெஞ்சு வலி வந்த மனுசன் நானு. என்னாண்ட வந்து தவுட்ட நிறுத்துன்றியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

பெட்டியே என்னை முறைத்தது. வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் அவரிடம் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு கரண்டி குடு அண்ணாத்தே."