நாற்பதில் நின்ற முள்

மெக்கானிக் முத்தலிப் போன மாதம் காலமானார். அன்றிலிருந்து திருகோணமலையில் எங்கே போனாலும் அவர் புகழ்தான். முத்தலிப் சொன்னால் பிழைக்காது என்கிறார்கள். கை வைக்காமலே எஞ்சினுக்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று சொல்வார் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த முத்தலிப்பைப் பற்றியும் யாராவது எழுத வேண்டாமா? நானே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் அவர் கடற்படைத் தளத்தின் மோட்டார் பகுதியில் வேலை கற்றவர். ஐம்பத்தேழில் அவர்கள் போன பிறகு ஓர்ஸ் ஹில் சரிவில் தகரக் கூரை போட்டு ஒரு கராஜ் திறந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் புதுக் கார் இறக்குமதி நின்றதும் அவருக்கு யோகம் அடித்தது. இருக்கிற கிழட்டுக் கார்களை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். உதிரிப்பாகமும் கிடைக்காது. ஆகவே எஞ்சினைக் கழற்றாமல் வருத்தம் சொல்கிற ஆள் ஊருக்குத் தேவைப்பட்டார். அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், ஒயில் அமுக்கம் காட்டுகிற மீட்டரின் முள்ளைப் பார்ப்பார், சொல்லிவிடுவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இரண்டாம் தரம் பார்க்கிற பழக்கம் அவரிடம் இல்லை. அதையே ஊர் கெட்டித்தனம் என்று கொண்டாடியது.

என் அப்பா சூசைப்பிள்ளை அதே தளத்தில் ஸ்டோர்காரராக இருந்தவர். ஊருக்குப் போகிற ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரியிடம் பழைய ஒஸ்டின் கார் ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோவார். மற்ற ஆறு நாளும் துடைப்பார். எழுபத்து மூன்றில், எனக்கு இருபத்தைந்து வயதில், நிக்கலஸ் மாஸ்டரின் மகனைப் பேசினார்கள். மாப்பிள்ளை சுங்கத்தில் கிளாக்கர். எங்களிடம் காணி இல்லை, நகையும் பெரிதாக இல்லை. அந்தக் கார்தான் என் சீதனம். பெண்ணைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். காரைப் பார்க்க நாலு பேர் வந்தார்கள். நாலாவது ஆள் முத்தலிப்.

தளத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கப்பலுக்குப் பாவிக்கிற எதுவும் கரையில் உள்ளதைவிட உயர்ந்தது என்று நம்புவார்கள். பெயின்ற், கயிறு, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் அந்தக் கதைதான். அப்பாவும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல்நாள், இழுவைப் படகில் வேலை செய்த சிநேகிதர் ஒருவர் ஒரு தகரம் கப்பல் ஒயில் கொண்டுவந்து கொடுத்தார். கூழ் மாதிரித் தடித்த ஒயில். அப்பா காரில் இருந்ததை வடித்துவிட்டு அதை ஊற்றினார். நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளை அடிப்பதில்லையா, அந்த மாதிரி.

முத்தலிப் காரைக் கன்னியா வெந்நீர்க் கிணறு வரைக்கும் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தார். முற்றத்தில் நிறுத்தி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். எஞ்சின் குளிராக இருக்கும்போது முள் மேலே நிற்கும். சூடானால் ஒயில் இளகி முள் இறங்கும். அந்த வயதுக் காருக்கு இருபதில் நின்றாலே திறம். எங்கள் கார் நாற்பதில் நின்றது. முத்தலிப் எஞ்சினிலிருந்து ஒயில் அளக்கிற கம்பியை இழுத்து, அதில் ஒட்டியிருந்த ஒயிலை இரண்டு விரலால் தேய்த்து மணந்து பார்த்தார். கப்பல் ஒயிலா என்று அப்பாவைக் கேட்டார். ஓம், நல்லதென்று தேடி ஊற்றினேன் என்று அப்பா பெருமையோடு சொன்னார்.

முத்தலிப் சிரித்தார். பிறகு நிக்கலஸ் மாஸ்டரைப் பார்த்து, "தேஞ்சு போன எஞ்சினுக்குத்தான் மாஸ்டர் இத ஊத்துவாங்க. முள்ளு விழாம நிக்கிறதுக்கு" என்றார்.

அவ்வளவுதான். நிக்கலஸ் மாஸ்டர் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்தார். நாலு நாளில் சம்மந்தம் வேண்டாம் என்று தரகர் வந்து சொன்னார். அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சூசைப்பிள்ளை கப்பல் ஒயில் ஊற்றி மகளைத் தள்ளிவிடப் பார்த்தான் என்று கதைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் படலையை ஒரு தரகரும் திறக்கவில்லை. அப்பா காரைக் கிண்ணியா மர வியாபாரி அபூதாஹிருக்கு விற்றார். கோயிலுக்கு நடந்து போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். எழுபத்தேழில் செத்துப்போனார். நான் அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்து வேலைக்குப் போய்வந்து கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு பின்னேரம் முத்தலிப் பொல்லை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நீரிழிவு அவரை அரைவாசியாக்கியிருந்தது. பொல்லைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார். அபூதாஹிர் காரை வாங்கிய அடுத்த மாதமே அவருடைய கராஜுக்குக் கொண்டுவந்தாராம். எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்குகிற பெயாரிங் தேய்ந்துவிட்டதாக ஊர் சொல்கிறது, மாற்றித் தாருங்கள் என்றாராம். அடியைக் கழற்றிப் பார்த்தால் பெயாரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை.

"தேஞ்ச எஞ்சினுக்கு அந்த ஒயில ஊத்தினா முள்ளு இருவதுக்குத்தான் வரும், புள்ள. நாப்பதுல நிண்டா உள்ளுக்கு எல்லாம் இறுக்கமா இருக்கு எண்டுதான் அர்த்தம். மெலிஞ்ச ஒயில ஊத்தி இன்னொருக்காப் பாத்திருக்கணும். ஒரு மணித்தியால வேல. ஒயில மணந்ததும் கள்ளம் எண்டு முடிவெடுத்திட்டன். உங்கட அப்பா கள்ளம் செய்யல்ல."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தன் பேர் கெட்டுப்போகும் என்று பயந்தாராம். அதற்குப் பிறகு அப்பா நாலு வருடம் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய கராஜைத் தாண்டித்தான் கோயிலுக்கு நடந்தார். அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது. இனி எல்லோரிடமும் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டார். யாரிடம் சொல்வது? நிக்கலஸ் மாஸ்டர் மகனோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய் ஐந்து வருடம். அப்பா மண்ணுக்குள்.

மன்னிப்புக் கேட்டார். ஏசுவேன் என்று எதிர்பார்த்து அவர் வெகுநேரம் இருந்தார், பிறகு பொல்லை எடுத்துக்கொண்டு போனார். ஏச எனக்கு வார்த்தை இல்லாமலில்லை. என் வாயை அடைத்தது வேறு ஒன்று.

சாகிறதற்கு ஒரு கிழமைக்கு முன் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைத் தள்ளினார்.

"ஊர் என்னவும் சொல்லட்டும், ஐவி. நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ?"

"நீங்கள் ஊத்தினதை நான் கண்டனான்தானே அப்பா, எனக்கும் ஏன் மறைக்கிறியள்?" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.