இரண்டு சஜ்னா, ஒரு மார்க்

வகுப்பில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். திரையில் நாற்பது பேர்தான் இருந்தார்கள்.

"யாரு இன்னும் டைப் பண்ணல்ல?" என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் பிரக்டிகல் நடத்தும் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் பிழை என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகள் முன்னால் "மிஸ்" என்பார்கள், பின்னால் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்கப் போனதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை ஏசினாலும் பரவாயில்லை.

1. நிந்தவூர் காணாமல் போனது

அன்று டேட்டா ஸ்ட்ரக்சரில் டிக்ஷனரி பாடம். லிஸ்ட், ஸ்டாக், கியூ எல்லாம் முன் கிழமைகளில் முடிந்திருந்தன. டிக்ஷனரியில் ஒவ்வொரு தகவலையும் ஒரு கீயின், அதாவது ஓர் அடையாளச் சொல்லின் கீழ் வைக்க வேண்டும். பிறகு கீயைக் கொடுத்தால் தகவல் வரும். பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று பேரைக் கீயாகவும் ஊரைத் தகவலாகவும் வைத்தேன். ஒவ்வொருவராக முன்னால் வந்து தங்கள் பேரையும் ஊரையும் அடித்துவிட்டுப் போனார்கள்.

ஆள் குறைந்ததால் பட்டியலைச் சத்தமாக வாசித்தேன். "எம். ஐ. எப். சஜ்னா, சம்மாந்துறை."

கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். "மிஸ், நான் நிந்தவூர்."

பக்கத்தில் இருந்தவளும் எழும்பினாள். "சம்மாந்துறை நான் மிஸ். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் இது ஒரு புதினமில்லை. வாப்பாவின் பேர்தான் பிள்ளைக்கு இனிஷியல். முகம்மது இஸ்மாயில் என்ற பேரில் ஊருக்கு ஊர் வாப்பாமார் இருக்கிறார்கள். பெண் பிள்ளையென்றால் முன்னால் ஒரு பாத்திமாவும் சேர்ந்துகொள்ளும். முழுப் பேரை எழுதினால்கூட இவர்கள் இருவரும் ஒன்றுதான்.

"இதுதான் இண்டைய பாடம்," என்றேன். "ஒரே கீய ரெண்டாந்தரம் எழுதினா முதல் எழுதினது அழிஞ்சிரும். கம்ப்யூட்டர் வாய் திறந்து ஒண்டும் சொல்லாது. நிந்தவூர் போயிட்டு, சம்மாந்துறைதான் மிச்சம்."

சொல்லி வாய் மூடவில்லை, எனக்குத் திக்கென்றது.

இந்த இரண்டு பேரும் புதுப் பிள்ளைகள் இல்லை. போன வருடம் பிரக்டிகலில் பெயிலாகி, ஜூனியர்களோடு ரிப்பீட் செய்ய வந்திருந்தவர்கள். இருவருக்கும் ஒரே மார்க், முப்பத்தொன்று. அந்த மார்க்கைத் தொகுத்த புரோகிராமை எழுதியது நான். அதில் நான் வைத்த கீயும் பேர்தான்.

2. நூற்றுப் பதினேழு

வகுப்பை அரை மணித்தியாலம் முந்தியே விட்டேன். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு தரம் பிழையாக அடித்தேன்.

பிள்ளைகளுக்குப் பதிவெண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நான் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள். நம்பரால் கூப்பிட இது என்ன மறியற்சாலையா என்று கூட வேலை செய்தவர்களிடம் பெருமையடித்திருக்கிறேன். அந்தப் பெருமையைப் புரோகிராமுக்குள்ளும் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

பழைய பைலைத் திறந்தேன். போன வருடத்து எல்லாப் பிரிவும் சேர்ந்த மார்க் ஷீட்டில் நூற்றுப் பதினெட்டு வரி. டிக்ஷனரியில் எத்தனை பேர் என்று கேட்டேன். நூற்றுப் பதினேழு என்றது.

நிந்தவூர் சஜ்னா எடுத்த மார்க் எழுபத்தெட்டு. சம்மாந்துறை சஜ்னா எடுத்தது முப்பத்தொன்று. பின்னால் வந்த மார்க் முன்னால் இருந்ததை அழித்துவிட்டது. ரிசல்ட் ஷீட் அடிக்கும்போது பேர்ப் பட்டியலில் இருந்த இரண்டு சஜ்னாவுக்கும் அதே முப்பத்தொன்றைப் போட்டிருக்கிறது. ஷீட்டில் ஆள் குறையாதபடியால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

யா அல்லாஹ் என்று கதிரையில் சாய்ந்துவிட்டேன்.  அதன் பிறகுதான் இதைவிடப் பெரியது ஞாபகம் வந்தது. ரிசல்ட் வந்த கிழமை அந்த நிந்தவூர்ப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள்.

"மிஸ், எனக்கு இவ்வளவு குறையாது. ஒருக்காப் பாருங்களேன்."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கம்ப்யூட்டர் போட்ட மார்க் புள்ள. அதுக்கு உன்னோட என்ன கோவம்? போய்ப் படி."

"ஓம் மிஸ்," என்று போய்விட்டாள்.

3. எழுபத்தெட்டு

துறைத் தலைவரிடம் பைலோடு போனேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. 

"எழுத்துல தாங்க மிஸ். பரீட்சைச் சபைக்கு நானே கொண்டு போறன். ஆனா அந்தப் புள்ளைக்கு நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் நிந்தவூர் சஜ்னாவை லேப்புக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அழுவாள், இல்லாவிட்டால் ஏசுவாள் என்று நினைத்துப் பயந்துபோய் இருந்தேன். அவள் எழுபத்தெட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நான் மொக்கு இல்லையா மிஸ்?"

 ஒரு வருடமாக இந்தப் பிள்ளை தன்னை மண்டையில் ஒன்றும் ஏறாதவள் என்றுதான் நம்பியிருக்கிறாள்.

"வாப்பாவும் இது உனக்கு ஏறாதுண்டு சொல்லிட்டார்," என்றாள். "லெப்டொப்பத் தங்கச்சிக்குக் குடுத்துட்டார். வேற பாடம் எடுக்கச் சொல்றார். நான் ஊட்டுல கொப்பியிலதான் கோட் எழுதிப் பார்க்கிற."

அந்தக் கொப்பியை நான் கண்டிருக்கிறேன். கோட் எழுதுகிற இடம் கொப்பியா என்று இரண்டு தரம் வகுப்பில் வைத்து நக்கலடித்தும் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு நிந்தவூருக்குப் போனேன். அவளுடைய வாப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன்.

"அப்ப கம்ப்யூட்டர் விட்ட பிழையா மிஸ்?" என்று கேட்டார்.

ஓம் என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு மரியாதையாக எழும்பி வந்திருக்கலாம். சஜ்னா கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. நான் விட்ட பிழை," என்றேன். "உங்கட மகள் அண்டைக்கே வந்து சொன்ன. நான் பார்க்கல்ல."

 மனிதர் என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் உள்பக்கம் திரும்பி இளைய மகளிடம் சொன்னார்: "மகள், அந்த லெப்டொப்ப ராத்தாட்டக் குடுங்க."

சஜ்னா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

"மிஸ், அண்டைக்கு ஒருக்கா எண்ணிப் பார்த்திருக்கலாமே."

"பார்த்திருக்கலாம் புள்ள," என்றேன். 

பரீட்சைச் சபை மார்க்கைத் திருத்தியது. போன வருடத்தைத் திருத்த எந்தச் சபையாலும் முடியவில்லை. அவளோடு படித்தவர்கள் கம்ப்யூட்டரைச் சிறப்புப் பாடமாக எடுத்து மேலே போய்விட்டார்கள். அவள் ஒரு வருடம் பிந்தி, ஜூனியர்களோடு விண்ணப்பித்து எடுத்தாள்.

பதிவெண்ணைக் கீயாகப் போடுங்கள், போட்டபின் எத்தனை என்று எண்ணுங்கள். இதை உங்களுக்கு யாராவது படிப்பித்துவிடுவார்கள். நான் சொல்வது வேறு. ஒரு பிள்ளை வந்து "ஒருக்காப் பாருங்களேன்" என்றால், பாருங்கள். நான் அன்று எத்தனை பேர் என்று கேட்கும் ஒரு வரி அடித்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.