நாடாவில் ஏறாத படங்கள்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் பாத்திரம் கழுவிய வின்சன்ற், மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, 2004இல் அதே இல்லத்தின் கணினிகளுக்குப் பொறுப்பாளரானார். புதிய வேலையில் எதற்கும் "தெரியாது" என்று சொல்வதில்லை என்று வைராக்கியம் வைத்திருந்தார்.

தினமும் எல்லாக் கோப்புகளையும் ஒரு காந்த நாடாவில் நகலெடுக்க வேண்டும். நாடாவின் உறையில் எண்பது கிகாபைட் என்றிருந்தது. 2006 பங்குனியில் மென்பொருள் நாற்பதிலேயே நின்று அடுத்த நாடாவைக் கேட்டது. வின்சன்ற் வேறு நாடா போட்டார், கருவியைத் துடைத்தார், அமைப்பில் கொள்ளளவை எண்பது என்று மாற்றினார். மறுநாளும் நாற்பதுதான். பிறகுதான் உறையின் சின்ன எழுத்தைப் படித்தார். கோப்புகள் பாதியாகச் சுருங்கினால்தான் எண்பது. இல்லத்தின் கோப்புகளில் பெரும்பகுதி படங்கள்; அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மேலும் சுருங்காது.

இரண்டாவது நாடா கேட்டால், முதலிலேயே கவனிக்கவில்லை என்பது நிர்வாகிக்குத் தெரிந்துவிடும். மென்பொருள் அடுத்த நாடாவைக் கேட்டதும் ரத்துப் பொத்தானை அமுக்கினார். ஆறு மாதம் அமுக்கினார். வரிசையில் கடைசியாக நின்று நகலாகாமல் போன கோப்புறை, பணியாளர்கள் எடுத்து வைத்த நோயாளிகளின் புண்களின் படங்கள்.

புரட்டாதியில் மூலக் கோப்புகள் இருந்த வன்தட்டு செத்தது. அதே வாரத்தில், இல்லத்தில் இருந்து இறந்துபோன ஒருவரின் மகன், தகப்பனுக்குப் படுக்கைப் புண் வந்தது கவனிப்பில்லாமல்தான் என்று முறைப்பாடு கொடுத்தார். அந்த முதியவரைக் கவனித்தவள் அஞ்சலா; வின்சன்ற் சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். முதியவர் மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கு வந்த அன்றே புண் இருந்தது. அவள் படமெடுத்து, குறிப்பேட்டில் "படம் பார்க்க" என்று மட்டும் எழுதியிருந்தாள். அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

படம் எங்கே என்று கேட்டபோது, நாடா பழுது என்றார் வின்சன்ற். படம் இல்லாததால், தானாக வேலையிலிருந்து விலகுவதாக எழுதிய தாளை அவளிடம் நீட்டினார்கள். அஞ்சலா கையெழுத்து வைத்தாள்.

ஒன்பதாம் நாள் வின்சன்ற் அவள் வீட்டுக்குப் போனார்.

"நாடா பழுதில்லை, அஞ்சலா. இடம் காணாமல் நிண்டது. எனக்குத் தெரியும்."

"எப்பயிருந்து, அண்ணை?"

"பங்குனியில இருந்து."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு நாடா வாங்கித் தாங்கோ எண்டு கேக்க வாய் வரேல்லையோ? நான் அங்க எத்தினை பேருக்குப் பின்பக்கம் கழுவினனான். எனக்கு வராத வெக்கம் உங்களுக்கு எங்கயிருந்து வந்தது?"

மறுநாள் உள்ளதை எழுதி நிர்வாகியிடம் கொடுத்தார். நிர்வாகி படித்துவிட்டு, நேர்மைக்கு நன்றி சொல்லி, அஞ்சலா கையெழுத்து வைத்தது வைத்ததுதான் என்றார்.

அஞ்சலா ஹம்பேர்க்கில் ஒரு விடுதியில் கட்டில் விரிக்கும் வேலைக்குப் போனாள். அவளைப் போல நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வின்சன்றின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இயேசு பிறந்த நத்தாருக்கு அவர் அனுப்பிய வாழ்த்து அட்டைக்கு அவள் பதில் போடவில்லை.